பழைய ஹைப்ரிட் கார்: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

2011 முதல் 2013 வரை நம் நாட்டில் ஹைப்ரிட் கார்களுக்கு நல்ல காலம். 2000 சிசிக்குக் குறைந்த எஞ்சின் கொண்ட இறக்குமதி ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி இரண்டையும் அரசாங்கம் முழுமையாகத் தள்ளுபடி செய்திருந்தது. ஹோண்டா இன்சைட், டொயோட்டா பிரியஸ் சி போன்றவை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே கிடைத்தன. ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட் 2012இல் மலாக்காவிலேயே பொருத்தப்பட்டது.

அந்தக் கார்களுக்கு இன்று 12 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இன்னும் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. வாரநாளில் வேலைக்கு, தைப்பூசத்துக்குப் பினாங்கு, தீபாவளிக்கு ஈப்போ, பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை என்று ஒரே கார் எல்லாவற்றுக்கும் உழைக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கார் இருந்தால், "இதை நம்பி இன்னும் வெளியூர் போகலாமா?" என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். விடை தேட, அந்தக் கார் எங்கே எதைக் கொண்டு பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது என்று முதலில் பார்ப்போம்.

நெரிசலில் பேட்டரியின் வேலை

காலை நேரத்தில் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருகிறீர்கள். நகர்வதும் நிற்பதுமாகப் பயணம். சாதாரணக் காரில் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் காரின் இயக்க ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகி வீணாகிறது. ஹைப்ரிட் காரிலோ மின்மோட்டார் அந்நேரம் ஜெனரேட்டராக மாறி, ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரியில் சேர்க்கிறது. அடுத்த முறை கார் நகர அது உதவுகிறது. நிற்கும்போது எஞ்சினும் அணைந்துவிடுகிறது. நகரத்தில் ஹைப்ரிட் காட்டும் சிக்கனத்துக்கு இதுவே காரணம்.

நெடுஞ்சாலையில் எஞ்சினின் வேலை

ஜாலான் டூத்தா டோலைத் தாண்டி வடக்கே 110 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. திரும்பப் பெறவும் ஆற்றல் அதிகம் இல்லை.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரியில் 1.2 வோல்ட் நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்கள் 168 உள்ளன. மொத்தம் 201.6 வோல்ட். கொள்ளளவு ஏறக்குறைய 1.3 கிலோவாட் மணி. மின்கலம் நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காகக் கணினி அதில் நடுப்பகுதியை மட்டுமே, அதாவது சுமார் 0.5 கிலோவாட் மணியைத்தான் பயன்படுத்துகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அது நான்கு கிலோமீட்டருக்குத்தான் வரும். டூத்தாவில் கிளம்பினால் சுங்கை பூலோவைக்கூட எட்டாது. பெட்ரோலில் சொன்னால், ஒரு தேநீர்க் குவளை அளவு.

அப்படியானால் நெடுஞ்சாலையிலும் சிக்கனம் வருவது எப்படி? எஞ்சின்தான் காரணம். ஆங்கிலேயப் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன் 1882இல் முன்வைத்த கருத்தின் நவீன வடிவம் அது. உள்ளிழுக்கும் வால்வு சற்றுத் தாமதமாக மூடும். இதனால் அழுத்தும் தூரம் குறைந்து, எரிந்த வாயு விரிந்து வேலை செய்யும் தூரம் நீளமாகிறது. ஒரே துளி பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. அந்தப் பிரியஸ் எஞ்சினின் உச்ச வெப்பத்திறன் 38.5 விழுக்காடு. அடுத்த தலைமுறையில் 40 விழுக்காடு. இத்துடன் காற்றைக் கிழித்துச் செல்லும் உடல் வடிவமும் சேர்கிறது.

எனவே பேட்டரி சற்றுத் தளர்ந்தாலும் நெடுஞ்சாலைப் பெட்ரோல் செலவு பெரிதாக ஏறாது. ஏறினால் டயர் காற்று, எஞ்சின், உங்கள் வேகம் ஆகியவற்றையும் சந்தேகியுங்கள். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 90இல் போவதைவிட 110இல் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

மலைப்பாதை என்னும் தேர்வு

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும்போது உயர வேறுபாடு சுமார் 1,400 மீட்டர். நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக 1,750 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 6.7 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். பேட்டரியின் பயன்படும் கையிருப்பைப் போல 13 மடங்கு. ஏற்றம் தொடங்கிய சில நிமிடங்களில் பேட்டரி காலியாகி, மீதிச் சுமை முழுவதும் எஞ்சின்மேல் விழுகிறது. தளர்ந்த பேட்டரி இங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: முந்திச் செல்லச் சக்தி கேட்கும்போது கிடைக்காது.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். சிறிது தூரத்திலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதற்குமேல் ஆற்றலை வைத்துக்கொள்ள இடம் இல்லை. டொயோட்டாவில் கியர் கம்பியை 'பி' நிலைக்கு மாற்றினால் எஞ்சின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். இல்லையேல் பிரேக் தட்டுகள் சூடேறி, பிடிப்புக் குறையும் ஆபத்து உண்டு.

வெப்பமே பேட்டரியின் எதிரி

மின்கலத்தைத் தேய்க்கும் வேதி வினைகள் வெப்பம் கூடக் கூட வேகமெடுக்கும். 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரின் உள்ளே என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரியஸ் போன்ற கார்களில் பின்னிருக்கையின் ஓரத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பயணிகள் இருக்கும் பகுதியின் குளிர்ந்த காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர்விப்பது அதுவே. ஊருக்குப் போகும் அவசரத்தில் தலையணையையும் பையையும் அதன்மேல் அடுக்கினால் பேட்டரிக்கு மூச்சு முட்டும். உள்ளே உள்ள விசிறியில் தூசி படிந்தாலும் அதே கதைதான். பட்டறையில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மின்கலங்கள் சங்கிலிபோல் தொடராக இணைக்கப்பட்டவை. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியின் பலமே. பேட்டரி அளவுகாட்டி சில நிமிடங்களில் நிறைவதும் காலியாவதுமாக ஊசலாடினால், பின்னிருக்கை விசிறி அடிக்கடி இரைந்தால், நிற்கும்போதும் எஞ்சின் அணையாமல் ஓடினால், அது எச்சரிக்கை. கணினிக் கருவியால் ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டேஜையும் சுமையோடு ஓட்டும்போது அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் சட்டென்று கீழே இறங்கினால் அதுதான் நோயாளி. ஆனால் அதை மட்டும் மாற்றினால், ஒரே வயதுடைய மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடரலாம். வெளியூர்ப் பயணத்துக்கு முழுத் தொகுப்பையும் மாற்றுவதே பாதுகாப்பு. ஆரஞ்சு நிற மின்கம்பிகள் உள்ள பகுதியை நீங்களே திறக்காதீர்கள். அந்த வோல்ட்டேஜ் உயிரைக் குடிக்கும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். டொயோட்டா ஹைப்ரிட்டில் எஞ்சினைக் கிளப்புவதே இந்தப் பெரிய பேட்டரிதான். அது முற்றிலும் செயலிழந்தால் கார் கிளம்பாமலே போகலாம். இன்சைட், ஜாஸ் வகைகளில் சாதாரண 12 வோல்ட் ஸ்டார்ட்டரும் உண்டு. சக்தி குறைந்தாலும் பட்டறைவரை ஓட்டிவர வாய்ப்பு இருக்கிறது.

ஏர்பேக்கை மறக்காதீர்கள்

அந்த ஆண்டுகளில் வந்த பல ஜப்பானியக் கார்களில் தக்காத்தா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் இருந்தன. அவற்றை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் தன்மை கெடும். பிறகு விபத்தில் அளவுக்கு மீறி வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும். 2014இல் மலேசியாவிலும் இதனால் உயிர்ப்பலி நேர்ந்தது. உங்கள் காரின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். திரும்பப் பெறும் பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். காரை வைத்துக்கொள்வதாக இருந்தாலும் விற்பதாக இருந்தாலும் இதை முதலில் செய்யுங்கள்.

பெட்ரோல் கணக்கு

"புதுக் கார் பெட்ரோலை மிச்சப்படுத்தும்" என்ற பேச்சை எண்களில் போட்டுப் பார்ப்போம். பழைய கார் 100 கிலோமீட்டருக்கு 5.5 லிட்டர், புதியது 4.5 லிட்டர் என்று கொள்வோம். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 250 லிட்டர். மலேசியர்களுக்கான ரோன்95 விலை 2025 செப்டம்பர் 30 முதல் 1.99 ரிங்கிட் என்று ஆனது. கணக்குக்கு 2 ரிங்கிட் என்றால், ஆண்டு மிச்சம் 500 ரிங்கிட். 10 ஆண்டுக்கு 5,000. ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள காரை இந்த மிச்சத்தைக் காட்டி வாங்குவது பொருந்தாது.

ஆகவே பெட்ரோலுக்காகக் காரை மாற்றாதீர்கள். நள்ளிரவில் பிள்ளைகளோடு நெடுஞ்சாலை ஓரம் நிற்க நேருமா என்பதே உண்மையான கேள்வி. எஞ்சின், ஸ்டீயரிங், அடிப்பாகம் எல்லாம் நன்றாக இருந்து பேட்டரி மட்டும் தளர்ந்திருந்தால் அதை மாற்றி ஓட்டுங்கள். பேட்டரியோடு குளிரூட்டும் நீர் குறைவதும் எஞ்சின் சூடேறுவதும் சேர்ந்துகொண்டால், அது விடைகொடுக்கும் நேரம்.

மாற்றினால் எதற்கு மாறுவது?

அடுக்குமாடியில் வசித்து, வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லாதவர்களுக்கு மறுபடியும் ஹைப்ரிட்டே எளிது. டொயோட்டாவின் கொரோலா கிராஸ் ஹைப்ரிட் கிள்ளான் புக்கிட் ராஜா ஆலையிலேயே பொருத்தப்படுகிறது. ஹோண்டாவின் புதிய ஹைப்ரிட்டுகளில் நகரத்தில் மோட்டார் இழுக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைத்துவிடும்.

தரை வீட்டில் வசிப்பவர்கள் மின்காரையும் எண்ணிப் பார்க்கலாம். புரோட்டோன் இ.மாஸ் 7இன் பெரிய பேட்டரி 60.22 கிலோவாட் மணி. சோதனைக் கணக்கில் 410 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 20 கிலோவாட் மணி செலவானால் 300 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350. வழியில் ஒரு முறை சார்ஜ் செய்தாக வேண்டும். பெருநாள் காலத்தில் அங்கே வரிசை இருக்கும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

அடுத்த வெளியூர்ப் பயணத்துக்கு முன் பெட்ரோலை நிரப்பி, குழாய் தானாக நின்றதும் நிறுத்துங்கள். பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். போய்ச் சேர்ந்ததும் அதேபோல் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறியுங்கள். லிட்டரை 100ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கான செலவு கிடைக்கும். போகும்போது 110இலும் திரும்பும்போது 90இலும் ஓட்டி ஒப்பிடுங்கள். அந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கார் விற்பனையாளரிடம் பேசப் போங்கள்.