கண்ணை மூடி ஒரு நிமிஷம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் விளையாட்டு ஒன்று வைத்தேன். "எல்லாரும் கண்ணை மூடுங்க. ஒரு நிமிஷம் ஆச்சுன்னு தோணும்போது கையைத் தூக்குங்க" என்றேன். செல்போனில் பார்த்தால் முதல் கை 35 நொடியிலேயே உயர்ந்துவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம், அதே நினைப்பு" என்றார் அந்த அக்கா. கடைசிக் கை 80 நொடிக்கு. அவர் தூங்கிவிட்டார் என்றே எனக்குச் சந்தேகம்!

பார்க்கக் கண், கேட்கக் காது இருப்பதுபோல நேரத்தை அறிய நமக்குத் தனி உறுப்பு கிடையாது. மூளை கவனத்தையும் நினைவையும் வைத்துத்தான் மதிப்புப் போடுகிறது. அதனால்தான் ரேஷன் கடை வரிசையில் அரை மணி நீளுது, டி.வி. தொடரில் அதே அரை மணி ஓடிடுது.

பிரான்ஸ் நாட்டு மிஷேல் சிஃப்ர் 1962 ஜூலையில், தமது 23 வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்குகைக்குள் தனியாக இறங்கினார். கடிகாரம் இல்லை, வெயில் இல்லை. எழுந்தாலும் படுத்தாலும் டெலிபோனில் மேலே சொல்வார்; மேலே இருப்பவர்கள் மட்டும் மணியோ தேதியோ சொல்லக்கூடாது. செப்டம்பர் 14 அன்று "நாள் முடிந்தது, வாங்க" என்றபோது அவர் கணக்கில் ஆகஸ்ட் 20தான். 25 நாளைக் காணோம்! நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னதற்கு 5 நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆனால் உடம்பு ஏமாறவில்லை. தூங்கி விழிப்பது ஏறக்குறைய இருபத்துநாலரை மணிக்கு ஒரு சுற்றாக ஓடியது. தப்பியது மனக்கணக்குதான். ஒரே இருட்டு, ஒரே வேலை, நினைவில் நிற்க ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் நாள் குறைவாகத் தெரிந்தது.

பயம் வந்தால் இது தலைகீழ். நம் உறுப்பினர் ஒருவர் குழந்தைக்கு வலிப்பு வந்தபோது "அரை மணி நேரம் இழுத்துச்சு" என்று டாக்டரிடம் சொன்னார். வலிப்பு தொடங்கியதும் கணவருக்குப் போன் போட்டார், நின்றதும் மறுபடி போட்டார். போனில் பார்த்தால் இடையில் 4 நிமிடம். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் டாக்டர் வைத்தியம் பார்ப்பது அந்தக் கணக்கை வைத்தும்தானே?

ஆகவே சாவிக்கொத்தைத் தேடாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் உடனே 108. சீக்கிரம் நின்றாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பிரசவ வலியிலும் அப்படியே: ஒரு வலி தொடங்கி அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று கூட இருப்பவர் எழுதட்டும். வலியில் கிடப்பவருக்கு அந்தக் கணக்கு வராது.

இந்த மாதக் கூட்டத்தில் நீங்களும் கண்ணை மூடிப் பாருங்க. யாருக்கு எத்தனை நொடி என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது கேட்பேன்.