பரணில் இருந்த வானொலி

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் மூணாறு அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் இங்கே தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்து வருகின்றனர். 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெருகிய வெள்ளம் மூணாற்றின் இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. அதே திங்கள் 31ஆம் நாள், சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. வானொலியோ பின்னாளில் மலையேறி வந்தது.

1939இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தோன்றியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் கடல் கடந்து ஒலித்தது. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் அதனை மலை மறித்துவிடும். சிற்றலையோ வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிவரும். மத்திய அலையும் இரவில் அவ்வாறே நெடுந்தொலைவு எட்டும். மலையாளம் வழங்கும் நிலத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தாய்மொழிச் செய்தியும் பாடலும் நாடகமும் இவ்வழியே கிடைத்தன. அக்காலத்தில் வானொலி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். அந்த உரிமப் புத்தகத்தைப் பெட்டியோடு சேர்த்துப் பாதுகாத்த வீடுகளும் உண்டு.

மர்பி, புஷ், பிலிப்ஸ் முதலிய பெயர்களைத் தாங்கிய மரப்பெட்டி வானொலிகள் இன்று பரணில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்பவர் முதலில் பழக வேண்டியது, கையை அடக்குதல். பெட்டியைக் கண்டதும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். அந்த ஆவலே பல நல்ல வானொலிகளைக் கெடுத்துள்ளது. நெடுங்காலம் உறங்கிய கண்டன்சர்கள் தம் மின்தாங்கும் திறனை இழந்திருக்கும். திடீரெனப் பாயும் மின்சாரத்தால் அவை சூடேறி வெடிக்கலாம். அவற்றோடு மின்மாற்றியும் எரிந்துபோகலாம். கண்டன்சர் கடையில் கிடைக்கும். அப்பெட்டிக்குரிய மின்மாற்றி எளிதில் கிடைக்காது.

எனவே முதல் நாள் வேலை கண்ணுக்கும் மூக்குக்கும் உரியது. பின்பலகையைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசியை நீக்க வேண்டும். மூணாறு போன்ற மழைமிகு ஊரில் துருவும் பூஞ்சையும் மிகுதி. எலி கடித்த கம்பி, பொடிந்த ரப்பர் உறை, கருகிய மணம், உருகி வழிந்த மெழுகு ஆகியவை அனைத்தும் பழுது எங்குள்ளது எனக் காட்டும் தடயங்கள். எதனையும் தொடுமுன் உட்புறத்தை ஒரு தாளில் வரைந்துகொள்வது நன்று. எந்த வால்வு எந்தக் குழியில் இருந்தது என்பதைப் பின்னர் நினைவுபடுத்திக்கொள்வது கடினம்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வால்வு வானொலியினுள் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருத்தல் கூடும். இணைப்பைத் துண்டித்த பின்னும் கண்டன்சர் அதனைத் தேக்கி வைத்திருக்கும். சிலவகைப் பெட்டிகளில் உட்சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். ஆகவே இவ்வேலையை மாணவர் தனியே செய்தல் ஆகாது. தொழில் அறிந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

அடுத்தது ஈயப்பற்று. வீணான கம்பித் துண்டுகளில் பழகிய பின்னரே வானொலியில் கை வைக்க வேண்டும். நன்கு பற்றிய இணைப்பு வழவழப்பாக மின்னும். பற்றாதது மங்கி, உருண்டையாக நிற்கும். பழைய கண்டன்சர்களை ஒவ்வொன்றாக மாற்றுதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றியவர் இறுதியில் எது எங்கே என்று திகைப்பார். நேர்முனை, எதிர்முனை மாறினால் புதிய கண்டன்சரும் வெடிக்கும்.

பின்னரே மின்சாரம். அப்போதும் நேராக அன்று. பழைய மெக்கானிக்குகள் ஒரு குண்டு பல்பை வானொலியோடு தொடராக இணைப்பர். உள்ளே குறுக்கிணைப்பு இருப்பின் பல்பு முழு ஒளியோடு எரியும். மின்சாரம் முழுவதும் பெட்டியினுள் பாயாது. பல்பு சற்றே ஒளிர்ந்து பின் மங்கினால் அச்சம் பெரும்பாலும் நீங்கிற்று எனலாம். மலிவான இந்தக் கருவி காத்த மின்மாற்றிகள் பல.

வால்வுகள் செந்நிறமாக ஒளிரச் சில நொடிகள் ஆகும். ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்னும் பேரிரைச்சல் கேட்டால் மின்வழங்கு பகுதியிலுள்ள கண்டன்சரில் குறை இருக்கலாம். ஒலித்திருகைத் திருப்பும்போது கரகரத்தால் அதனுள் அழுக்கு உள்ளது. இரண்டும் இன்றி மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டால், பெட்டியை மீண்டும் பிரித்தல் தொடக்கநிலையினர் செய்யும் தவறு. நிலையங்கள் பல இன்று பண்பலைக்கு மாறிவிட்டன. பழைய பெட்டிகளுள் பெரும்பாலானவை பண்பலையை வாங்கமாட்டா. பத்து மீட்டர் நீளக் கம்பியை அலைவாங்கியாகக் கட்டி, இருட்டும்வரை காத்திருந்து, மத்திய அலையில் முள்ளை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்தல் வேண்டும். இடி மின்னல் வேளையில் அக்கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் தொடர்வீடு
பரண் – பொருள்களை வைக்கக் கூரைக்கடியில் அமைத்த தட்டு
தடயம் – அடையாளம்
இன்றியமையாதது – தவிர்க்க முடியாதது

பயிற்சி

1. பழைய வானொலிக்கு உடனே மின்சாரம் கொடுத்தல் ஏன் தவறு?
2. குண்டு பல்பு மின்மாற்றியை எவ்வாறு காக்கிறது?
3. 'கையை அடக்குதல்' என்பதன் பொருளைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
4. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் கேட்ட வானொலி நிகழ்ச்சி பற்றிக் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.