எலும்பு முறியவில்லை, வீட்டுக்கு அனுப்பலாமா?: அவசரப் பிரிவில் இயன்முறை உதவிப் பயிற்றுநரின் வேலை

வீட்டில் விழுந்துவிட்ட முதியவர் ஒருவரை ஆம்புலன்ஸ் கொண்டுவந்து சேர்க்கிறது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வார்டில் தங்கவைக்க மருத்துவக் காரணமும் இல்லை. ஆனால் எழுந்து நடப்பாரா, வீட்டில் சமாளிப்பாரா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் என்.எச்.எஸ். மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென அவசரப் பிரிவிலேயே ஒரு தெரபி குழு இருக்கிறது. அதில் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோருக்குத் துணையாக இருப்பவர்தான் டெக்னிக்கல் இன்ஸ்ட்ரக்டர் எனப்படும் உதவிப் பயிற்றுநர். பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் 3 அல்லது 4ஆம் நிலைப் பணி இது.

பிசியோதெரபிஸ்ட் போன்றோரைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யின் பதிவு இந்த வேலைக்குத் தேவையில்லை. இந்தியாவில் பிசியோ பட்டம் முடித்து, அந்தப் பதிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது நல்ல நுழைவாயில். ஒரு எச்சரிக்கை: ‘பிசியோதெரபிஸ்ட்’ என்ற பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு கைக்கு வரும்வரை நோயாளியிடம் அப்படி அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது.

1. ஆளைப் பார்க்கும் முன் குறிப்பைப் படியுங்கள்

எக்ஸ்ரே அறிக்கை வந்துவிட்டதா? அடிபட்ட காலில் எவ்வளவு எடை போடலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா? தலையில் அடி உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா? நாடி, மூச்சு, ஆக்சிஜன் முதலிய அளவுகளுக்கான புள்ளிகளைக் கூட்டித் தரும் ‘நியூஸ்2’ மதிப்பெண் ஏறிக்கொண்டிருந்தால் நடைப்பயிற்சிக்கு அது நேரமல்ல. விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தாரா என்பதையும் பாருங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதித்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவு தெரியாமல் அவரை எழுப்பாதீர்கள்.

2. வீட்டைப் பற்றிக் கேளுங்கள்

மருத்துவமனையின் வழவழப்பான தரையில் பத்து மீட்டர் நடந்துவிட்டதால் மட்டும் ஒருவர் வீட்டுக்குப் போகத் தயாராகிவிடுவதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தனியாக எழுந்து கழிப்பறைக்குப் போய்வர முடியுமா என்பதே கேள்வி. பிரிட்டனின் பழைய வரிசை வீடுகளில் படுக்கையறை மாடியில்தான் இருக்கும், பல வீடுகளில் கழிப்பறையும் அங்கேதான். எத்தனை படிகள், ஏறும்போது கைப்பிடி எந்தப் பக்கம், கட்டில் எவ்வளவு உயரம், கூட யார் இருக்கிறார்கள், விழுவதற்கு முன் எப்படி நடந்தார் என்று கேளுங்கள். நோயாளியின் அனுமதியோடு குடும்பத்தாரிடமும் விசாரியுங்கள். இருவர் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது.

3. இரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பாருங்கள்

குறைந்தது ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒருமுறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்துக்குள் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், விழுந்த காரணமே அதுவாக இருக்கலாம். உடனே நர்ஸிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். தலை சுற்றுகிறதா என்று வாயால் கேளுங்கள், முகத்தையும் கவனியுங்கள்.

4. எழுப்புங்கள், எங்கே நிறுத்துவது என்றும் தெரிந்திருங்கள்

நோயாளி படுத்திருக்கும் ட்ராலியின் பிரேக்கைப் போட்டு, பாதங்கள் தரையில் படியும்வரை அதைத் தாழ்த்துங்கள். வழுக்காத செருப்போ காலுறையோ மாட்டிவிடுங்கள். டிரிப் குழாய் எதிலும் சிக்காமல் இருக்கட்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழ விடாதீர்கள். கைகளால் ட்ராலியை அழுத்தித்தான் எழ வேண்டும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் தொடையிடுக்கில் வலி, காலை ஊன்றவே முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இடுப்பெலும்பு முறிவு சில நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேன்தான் காட்டும். முதுகுவலியோடு வந்தவர், உட்காரும் பகுதி மரத்துப்போகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை என்று சொன்னாலும் பயிற்சி வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

5. கருவியைப் பொருத்துங்கள்

கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு எங்கே இருக்கிறதோ, வாக்கரின் கைப்பிடியும் அங்கே இருக்க வேண்டும். ஊன்றுகோலுக்கும் கைத்தடிக்கும் இதே அளவுதான். கைத்தடி வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். மணிக்கட்டு முறிந்தவருக்குச் சாதாரண வாக்கர் ஆகாது, முன்கையைத் தாங்கும் வகை வேண்டும். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுக் கொடுங்கள். இன்னொன்று: இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது தேநீர்க் கோப்பையை எப்படி எடுத்துப்போவார்? சக்கரம் வைத்த தட்டுவண்டி வேண்டுமா என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேளுங்கள்.

6. படியைக் கற்றுக்கொடுங்கள்

ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு அடிபட்ட கால், ஊன்றுகோல். இறங்கும்போது ஊன்றுகோல், அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால். கைப்பிடி இருந்தால் ஒரு கை அதில் இருக்கட்டும். நீங்கள் எப்போதும் அவருக்குக் கீழ்ப்படியில் நில்லுங்கள். வீட்டில் கைப்பிடி இடதுபுறம் என்றால் இங்கும் இடதுபுறம் பிடித்தே பழகட்டும்.

“புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். ஹாரோ, ஈஸ்ட்ஹாம் பக்கம் வேலை செய்தால் யாழ்ப்பாணத்து அம்மாமார் “ஓம் தம்பி, ஓம்” என்று தலையாட்டுவார்கள். வலியைச் சொன்னால் தங்கவைத்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் இருக்கலாம். “எங்கே, மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல எனக்கு ஒருக்கால் செய்து காட்டுங்கோ அம்மா” என்று கேளுங்கள். நீங்கள் பேசாமலிருக்க, அவராகச் செய்து முடித்தால்தான் பாடம் ஏறியிருக்கிறது. தமிழ் பேசத் தெரிவது பயிற்சிக்கு உதவும். சிகிச்சைக்கான சம்மதம் போன்ற விஷயங்களுக்கு மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரையே அழைக்க வேண்டும்.

7. எண்களோடு எழுதுங்கள்

‘நன்றாக நடந்தார்’ என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. ‘வாக்கரோடு 15 மீட்டர், ஒருவர் அருகில் நின்றார், பிடிக்கவில்லை. நான்கு படி ஏறி இறங்கினார், இடக்கைப்பிடி. நின்றபின் அழுத்தம் 138லிருந்து 112’ என்று எழுதினால் பிசியோதெரபிஸ்ட் முடிவெடுக்கலாம். அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு அவருடையதும் டாக்டருடையதும். நீங்கள் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது உங்கள் பொறுப்பு.

இதில் நெருக்கடி உண்டு. வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பவோ வார்டில் சேர்க்கவோ வேண்டும் என்ற இலக்கு இங்கிலாந்தின் அவசரப் பிரிவுகளில் 2004 முதல் இருக்கிறது. பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே “முடிந்ததா?” என்பார். நாலாவது படியில் நோயாளியின் கால் நடுங்கியதை நீங்கள் பார்த்திருந்தால், அதைச் சொன்ன பிறகே “முடிந்தது” என்று சொல்லுங்கள்.