தன்னிறைவு: மெய்யியலிலும் சமயத்திலும் வாழ்விலும்

அறிமுகம்

மாணவர்களே, 'தன்னிறைவு' என்னும் சொல்லைச் சமய பாடத்திலும் வரலாற்றிலும் குடியியற் கல்வியிலும் நீங்கள் காண்கிறீர்கள். எல்லா இடங்களிலும் அது ஒரே பொருளைத் தருவதில்லை. "பிறர் உதவி எதுவும் வேண்டாதிருத்தலே தன்னிறைவு" என்று பலர் விடை எழுதுவர். இது முழுமையான விடையன்று. அதற்கான காரணத்தை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. சொல்லின் பொருள்

தன்னிறைவு என்பதற்கு இரண்டு பொருள்கள் உள்ளன.

(அ) தேவைக்குப் போதிய பொருளைத் தானே பெற்றிருத்தல். ஒரு நாடு தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்தல் இதற்கு உதாரணமாகும்.

(ஆ) உள்ளது போதும் என்னும் மனநிறைவு.

முதலாவது வழியில் உற்பத்தி கூடுகின்றது. இரண்டாவது வழியில் ஆசை குறைகின்றது. வினா எந்தப் பொருளைக் கருதுகின்றது என்பதை முதலில் அறிந்துகொண்டே விடை எழுத வேண்டும்.

2. கிரேக்க மெய்யியலில் தன்னிறைவு

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர்கள் இது பற்றி ஆராய்ந்தனர். அவர்களுட் பின்வரும் மூவர் முக்கியமானவர்கள்.

டயோஜினிஸ்: தேவைகளைக் குறைப்பதே விடுதலை என்றார். சிறுவன் ஒருவன் கைகளால் நீர் அள்ளிக் குடிப்பதைக் கண்டு, தம்மிடமிருந்த கிண்ணத்தையும் எறிந்துவிட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

அரிஸ்டோட்டில்: சிறந்த வாழ்வு தன்னிறைவுடையது என்றார். ஆனால் அது தனித்து வாழும் ஒருவனின் நிறைவன்று என்றும் விளக்கினார். பெற்றோர், பிள்ளைகள், நண்பர்கள், சக குடிமக்கள் ஆகியோருடன் கூடிய வாழ்வின் நிறைவையே அவர் கருதினார். மனிதன் இயல்பாகவே சமூகமாக வாழ்பவன் என்பது அவர் கூறும் காரணமாகும்.

எபிகூரஸ்: தன்னிறைவைப் பெரும் நன்மையாகக் கொண்டார். எப்போதும் குறைவாகவே நுகர வேண்டும் என்று அவர் கூறவில்லை. அதிகம் கிடைக்காதபோது சிறிதளவைக் கொண்டு மகிழப் பழகியிருக்க வேண்டும் என்றார்.

3. சமயங்களில் தன்னிறைவு

சைவம்: இறைவனின் எண்குணங்களுள் ஒன்று 'தன்வயத்தனாதல்' ஆகும். இறைவன் வேறொன்றையும் சாராதவன் என்பது இதன் பொருள். ஆன்மாவோ சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல, ஆன்மா தான் சேர்ந்ததன் தன்மையை அடைகின்றது. எனவே ஆன்மா எதையும் சாராதிருக்க முடியாது. அது எதைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதே சைவசித்தாந்தம் எழுப்பும் கேள்வியாகும்.

இஸ்லாம்: குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயம் அல்லாஹ்வை 'அஸ்ஸமத்' எனக் குறிப்பிடுகின்றது. அவன் எவரிடத்தும் தேவையற்றவன். அனைவரும் அவனிடமே தேவையுடையவர்கள். மனிதர் ஒருவருக்கொருவர் உதவக் கடமைப்பட்டவர்கள் என்பதை ஸகாத் உணர்த்துகின்றது.

கிறிஸ்தவம்: பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில், எந்த நிலையிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டதாகக் கூறுகிறார். அதே கடிதத்தில், தமக்கு உதவி அனுப்பியவர்களுக்கு நன்றியும் தெரிவிக்கிறார்.

பௌத்தம்: ஒருவர் தமக்குத் தாமே புகலிடமாக இருக்க வேண்டும் என்று புத்தர் போதித்தார். எனினும் துறவிகள் இல்லறத்தார் தரும் தானத்தினாலேயே உயிர் வாழ்கின்றனர். உள்ளத்தில் தன்னிறைவும் உணவிற் பிறரைச் சார்தலும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

4. நடைமுறை வாழ்வில் தன்னிறைவு

இலங்கை வரலாற்றிலிருந்து மூன்று உதாரணங்களை நோக்குவோம்.

(அ) 1970 – 1977: இக்காலத்தில் இறக்குமதி பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிட்ட யாழ்ப்பாண விவசாயிகள் நல்ல வருமானம் பெற்றனர். அதே காலத்தில் மக்கள் பாணுக்கு நீண்ட வரிசைகளில் நின்றனர். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் இறக்குமதி பெருகியது. அவ்விவசாயிகள் தமது சந்தையை இழந்தனர். ஒரே கொள்கை சிலருக்கு நன்மையையும் வேறு சிலருக்குச் சுமையையும் தரலாம் என்பதை இதனால் அறியலாம்.

(ஆ) 1990களின் முற்பகுதி: பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது. ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் சிக்கன விளக்கை மக்கள் பயன்படுத்தினர். அவ்வொளியிற் படித்து மாணவர்கள் பரீட்சை எழுதினர். இது மக்களின் திறமையையும் மனவுறுதியையும் காட்டுகின்றது. ஆனால் அத்தட்டுப்பாட்டைத் தன்னிறைவு என்று கூறலாகாது. தானே தெரிந்தெடுத்த எளிமை வேறு; பிறரால் சுமத்தப்பட்ட இல்லாமை வேறு.

(இ) 2021: இரசாயனப் பசளை இறக்குமதி மே மாதத்தில் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை போதியளவு ஆயத்தமாக இருக்கவில்லை. விவசாயிகளின் எதிர்ப்பினால் நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. எனினும் அப்பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. 2022இல் அரிசியை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. ஆயத்தமின்றித் தன்னிறைவை நாடினால், பிறரைச் சார்ந்திருத்தல் முன்னரிலும் கூடும் என்பதற்கு இது உதாரணமாகும்.

5. தொகுப்பு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று வேறுபாடுகளைத் தெளிந்துகொள்ளலாம்.

• தன்னிறைவு தனிமையன்று. நெல் விளைவிக்கும் விவசாயிக்கும் கலப்பை செய்யும் கொல்லர் தேவை. கொல்லருக்கும் சோறு தேவை.
• தன்னிறைவு வறுமையன்று. போதும் என்று சொல்லும் உரிமை, தனக்குப் போதுமா என்பதைத் தானே தீர்மானிக்கக் கூடியவருக்கே உண்டு. பசித்திருப்பவரிடம் "இருப்பது போதும்" என்று பிறர் கூறுவது அறமாகாது.
• தன்னிறைவு அடிமையாகாதிருத்தலாகும். அடிப்படைத் தேவைகளில் ஒருவரின் தயவை மட்டுமே நம்பியிராமல், கொடுத்தும் பெற்றும் சமமாக வாழ்வதே அதன் நோக்கம்.

இது மாணவர்களுக்கும் பொருந்தும். விளங்காத கணக்கை ஆசிரியரிடமோ தோழரிடமோ கேட்பது குறைவன்று. கேட்டறிந்தபின் அடுத்த கணக்கைத் தானே செய்ய முயல்வதே கல்வியில் தன்னிறைவாகும்.

பயிற்சி வினாக்கள்

1. தன்னிறைவு என்பதன் இரு பொருள்களையும் தருக.
2. டயோஜினிஸ், அரிஸ்டோட்டில் ஆகியோரின் கருத்துகளிடையே உள்ள வேறுபாடு ஒன்றைக் குறிப்பிடுக.
3. 'தன்வயத்தனாதல்', 'சார்ந்ததன் வண்ணமாதல்' ஆகியவற்றை விளக்குக.
4. "தட்டுப்பாட்டைச் சமாளித்தல் தன்னிறைவாகாது." உதாரணம் தந்து விளக்குக.
5. உமது ஊர் எப்பொருள்களில் தன்னிறைவு பெற்றுள்ளது? எவற்றுக்கு வெளியிடங்களைச் சார்ந்துள்ளது? அச்சார்பு நன்மையானதா எனக் காரணங்காட்டி எழுதுக.

விடை எழுதுவோர் கவனத்திற்கு: 5ஆம் வினாவுக்குப் பொதுவான வசனங்களை எழுதாது, உமது ஊரின் விளைபொருள்களையும் தொழில்களையும் பெயர் சுட்டி எழுதுக.