பாம்புக்கு எந்தப் பெட்டி?

தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாம்பு வளர்க்க நான் சொல்லித் தரவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வைப்பது குற்றம். ஆனால் அனுமதியோடு விஷப் பாம்புகளை அடைத்து வைக்கும் இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், இருளர் மக்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தொடங்கியது 1978-ல்.

அங்கே பெட்டி எதுவென்று நினைக்கிறீர்கள்? மண்பானை! உள்ளே மணல், வாயில் பருத்தித் துணி, அதைச் சுற்றிக் கயிறு. அவ்வளவுதான்.

நாம் படிக்கும் மெட்டீரியல்ஸ் பாடத்தை வைத்துப் பார்த்தால் இது ஏழை வைத்தியம் அல்ல என்று புரியும். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றியிருப்பதன் சூடுதான் அதன் சூடு. இரும்பின் வெப்பக் கடத்தல் சுமார் 80 வாட்/மீட்டர்-கெல்வின். கண்ணாடிக்கு 1 பக்கம். சுட்ட மண்ணும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தகர டின்னை மதிய வெயிலில் வைத்தால் பாம்பு வெந்தே போகும். மண்ணுக்கு இன்னொரு குணம், நுண்துளை. பட்ட ஈரம் கசிந்து ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,400 ஜூல் போல வெப்பம் எடுக்கும். பளபளப்புப் பூச்சு போட்ட ஜாடியில் இது நடக்காது. அதற்காக மணலைச் சேறாக்கிவிடக் கூடாது, செதிலில் புண் வரும். கம்பி வலையும் ஆகாது. வெளியே போக முட்டி முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். பிளைவுட் ஈரத்தில் உப்பும்.

கிண்டி பாம்புப் பண்ணையில் கண்ணாடி வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே சனங்கள் பார்க்க வேண்டும். பானைக்குள் பாம்புக்குத் தேவை இருட்டு. யாருக்காகக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பொருள்.

துணி விஷயத்தில் நம்ம ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. பனியன் துணி காற்று நன்றாக விடும், ஆனால் இழுத்தால் நீளும். செக்கிங் வேலை பார்க்கும் எங்கம்மாவிடம் கேட்டேன். “ஒரு இழை அறுந்தாப் போதும் சாமி, ஓட்டை கண்ணி கண்ணியா ஓடிப்போயிருமில்ல” என்றது. பள்ளிக்கூடமே போகாதது, என் நிட்டிங் நோட்ஸில் அரைப் பக்கம் இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டது. ஆகவே தறியில் நெய்த காடாத் துணிதான் சரி. அதிலும் கை வைக்கக் கூடாது. துணியைத் தாண்டியும் பல் இறங்கும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் நைட் ஷிப்ட் முடிந்து வந்த எங்க சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைத்தார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் அந்த மருந்து. அதற்கான விஷத்தைப் பல வருடங்களாகப் பெருமளவில் தந்து வருவது இருளர் சங்கமே. வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். சில வாரம் கழித்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அடையாளம் எதற்கென்றால், அதே பாம்பை உடனே திரும்பப் பிடித்து வந்துவிடக் கூடாது என்பதற்கு.