தொலைவதற்கு உகந்த ஊர்

லண்டனைச் சுற்றிப் பார்த்த கையோடு எடின்பரோவுக்கு ரயில் ஏறுவதுதான் நம்மவர்கள் வழக்கம். நடுவில் இருக்கும் இங்கிலாந்து ஜன்னலோடு போய்விடும். நாங்கள் நடுவில் இறங்கி, யார்க்‌ஷயர் டேல்ஸில் மால்ஹாம் என்ற சிற்றூரில் தங்கினோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், புடவையை விடவே மாட்டேன் என்ற என் அத்தை. கிட்டத்தட்ட தினமும் எங்காவது வழி தவறினோம். அந்த விடுமுறை பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் முதலில் சொல்வது அதைத்தான்.

அங்கே பயமில்லாமல் தொலையலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தின் ஊடாகவே பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் உண்டு. அவற்றை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது 1949ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் 1932இல், கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறியவர்களில் ஐந்து பேர் சிறைக்கே போயிருக்கிறார்கள். இன்று மஞ்சள் அம்பு தெரிந்தால் யார் வயலானாலும் நடக்கலாம். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். நம் ஊரில் அடுத்தவர் வரப்பில் கால் வைத்தாலே "யாரது?" என்று குரல் வரும். அந்தக் கூச்சம் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வரைபடம் வாங்குவதென்றால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுள்ளதையே வாங்குங்கள், ஆரஞ்சு அட்டை போட்டது. 1:50,000இல் வயல் சுவர்கள் இருக்காது. இதில் ஒவ்வொரு சுவரும் கோடாக இருக்கும். சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் அந்தப் பகுதி முழுக்க ஓடுகின்றன. பள்ளத்தாக்கில் போனில் சிக்னல் சரியாக வராதபோது, நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சுவரை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வரைபடத்தைப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டோம். "அம்மா, மூணு சுவர் தாண்டிட்டோம், மேப்ல நாலு இருக்கு!" என்று அவள் கத்தியதிலிருந்து அன்றைய நாளே களைகட்டியது. ஒன்று கவனம்: பச்சைப் புள்ளிக்கோடு உரிமைப் பாதை, கறுப்புப் புள்ளிக்கோடு தடம் மட்டுமே, நடக்க உரிமை இல்லாமலும் இருக்கலாம்.

வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கு என்பார்கள். மால்ஹாமில் அது செல்லாது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. அங்குள்ள ஏரியிலிருந்து கிளம்பும் ஓடை சற்று தூரம் ஓடிவிட்டு மண்ணுக்குள் இறங்கி மறைகிறது. மிஞ்சிய வறண்ட பள்ளத்தாக்கிலேயே நடந்தால் மால்ஹாம் கோவ் உச்சிக்கு, சுமார் 80 மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்புக்குக் கொண்டுபோய் விடும். பாறை அடியில் ஒரு ஓடை வெளிவருகிறது. அதுதான் இதென்று நினைக்கத் தோன்றும். சாயம் கலந்து பார்த்ததில் ஏரித் தண்ணீர் ஊருக்குத் தெற்கே எழுவதும், கோவ் ஓடை வேறிடத்துத் தண்ணீர் என்பதும் தெரிந்தது. தண்ணீரே நம்மை ஏமாற்றும் ஊரில் சுவரை நம்புவது நல்லது. சுவர் எப்படியும் ஒரு கதவுக்கோ பண்ணைக்கோ கொண்டு சேர்க்கும். அதன் மேல் மட்டும் ஏறாதீர்கள், கல் சரியும். தாண்டிப்போகக் கல்படி இருக்கும், அல்லது ஆடு நுழைய முடியாத ஒடுக்கமான இடுக்கு இருக்கும். அத்தை கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த இடுக்கில் பக்கவாட்டில் நுழைந்தது எங்கள் எல்லோரையும்விட நேர்த்தி.

கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவிடம் எச்சரிக்கை தேவை. நம் வீட்டு லட்சுமி என்று தடவப் போகாமல் நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள்.

நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழங்குகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் அதை இரட்டிப்பாக்கினோம். பூச்சி பார்க்க, புளிச்சோற்றைப் பிரிக்க, சண்டை போட அந்த உபரி நேரம் வேண்டியிருந்தது. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் இது சாத்தியம். அக்டோபரில் இந்த விளையாட்டே வேண்டாம்.

கார் இல்லாதவர்களுக்கு ஒன்று. மால்ஹாமுக்குப் பேருந்து அடிக்கடி கிடையாது. மாலைப் பேருந்துக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வழி தவறுவது பதற்றமாகிவிடும். காலையிலேயே பேருந்திலோ டாக்ஸியிலோ தூரமாகப் போய் இறங்கி, தங்குமிடம் நோக்கி நடங்கள். தாமதமானால் இரவுச் சாப்பாடு ஆறும், அவ்வளவுதான்.