நீர்வண்ண ஓவியம் வாங்கி மாட்டப் போகிறீர்களா?

நந்தனத்து ஃப்ளாட்டில் சுவர் கொஞ்சம்தான். அதில் ஓர் ஏரிக்கரையையோ களத்துமேட்டையோ வாட்டர் கலரில் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு, ஒன்றிரண்டைக் கெடுத்த பிறகு நான் கற்றுக்கொண்டவை இவை.

1. வாங்குமுன் கண்ணைப் பழக்குங்கள். நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் ஆயிரம் விளக்கு. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி அங்கிருந்து பக்கம்தான். கண்காட்சி நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் ஆரம்பத்தில் கேரளத்துத் தென்னையையும் கால்வாயையும் நீர்வண்ணத்தில் வரைந்தவரே.

2. வெள்ளையைத் தேடுங்கள். வேட்டியின் வெளுப்பும் குளத்தில் மின்னும் வெயிலும் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, ஓவியர் தொடாமல் விட்ட காகிதம். எங்கே கையை நிறுத்தியிருக்கிறார் என்று பார்ப்பதில்தான் ருசி.

3. வரைந்தவருக்குக் கிராமம் தெரியுமா? கவலை ஏற்றத்தில் மாடுகள் கிணற்றை விட்டு விலகிச் சரிவில் இறங்கும்போதுதான் சால் மேலே வரும். மாடு கிணற்றுப் பக்கம் நடக்க, சாலில் தண்ணீர் ததும்பினால் அவர் கவலையைப் பார்த்ததே இல்லை. இடுப்பில் குடத்தோடு சிரிக்கும் காலண்டர் அழகியைவிட, நாற்று நடுகிறவரின் முதுகு சரியாக வளைந்திருக்கும் படத்துக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

4. அசலா, பிரின்ட்டா? பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒழுங்கான சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அசலில் வண்ணம் காகிதத்தின் சொரசொரப்பில் தேங்கி, காய்ந்த ஓரத்தில் அடர்ந்து நிற்கும்.

5. என்ன காகிதம் என்று கேளுங்கள். 300 ஜி.எஸ்.எம். பருத்திக் காகிதம் நல்லது. மட்டமான மரக்கூழ்க் காகிதம் பழுப்பேறிவிடும்.

6. ஃப்ரேம் போடும் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு கடையில் விட்டுவிட்டு வந்தேன். படத்தின் பின்னால் செல்லோ டேப்பை ஒட்டி, முகத்தைக் கண்ணாடியோடு அழுத்தி மூடிவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனது. டேப்பின் மஞ்சள் கறை முன்பக்கம் வந்தது, வானம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஆகவே, கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இடைவெளி விடும் மவுன்ட் கட்டாயம். அட்டை ஆசிட் இல்லாததாக இருக்கட்டும். ஃபெவிகால், டேப் இரண்டும் படத்தில் படவே கூடாது.

7. வெயில் படும் சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணத்துக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நம் பால்கனி வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு. சில சிவப்புகள்தான் முதலில் போகும். அந்தி வானம் வெளிறுவது அதனால்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் வெளிறுவது தாமதமாகும், நிற்காது.

8. ஐப்பசி, கார்த்திகையில் மழை அடிக்கும் வெளிச்சுவரும் ஆகாது. உள்சுவரில் மாட்டி, ஃப்ரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் சின்னக் கார்க் துண்டுகளை ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும், பூஞ்சை குறையும். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்னால் எட்டிப் பாருங்கள். மாட்டாத படங்களைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த அடையாற்றங்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

9. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேராகக் கண்ணாடியில் அடித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

10. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் பெயர், ஆண்டு, ஊர் மூன்றையும் மவுன்ட்டின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நூறு ஆண்டைத் தாண்டிய ஓவியங்களையும், நந்தலால் போஸ், ஜாமினி ராய் போன்ற சிலரின் படைப்புகளையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. போன வருஷம் கண்காட்சியில் வாங்கிய ஏரிக்கரைக்கு அந்தக் கவலை இல்லை.